உடம்புக்குப் பூஜை

சும்மா தருகிறேன் என்று வருகிறவனைத் தேசிங்கு வாசலுக்கு உள்ளே விடுவதில்லை. தேர்தலுக்கு முன்னால் சும்மா வந்ததையும் பார்த்திருக்கிறார், வெள்ளத்துக்குப் பின்னால் சும்மா வந்ததையும் பார்த்திருக்கிறார். இரண்டுக்கும் பின்னாலேயே எவனாவது ஒருத்தன் கையை நீட்டிக்கொண்டு வந்தான். அதனால் அந்த ஆடி மாதக் காலையில் மருந்துக் கம்பெனிப் பையன் நிகிலன் ஒரு குளிர்பெட்டியோடு வந்து, "ஒரு பைசா வேணாம் சார்" என்றபோது, தேசிங்கு ஜிம்மின் கம்பிக்கதவை இழுத்துக் கொக்கி போட்டார்.

"அங்கியே நின்னு சொல்லு. எனுக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஜிம் அது. மற்ற இடங்களில் எல்லாம் எடையைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் இயந்திரங்கள் வந்துவிட்டன. ஒருத்தன் தூக்கி முடித்தால் கைதட்டவும் அதற்குள் ஒரு குரல் உண்டு. இங்கே இன்னும் துருப்பிடித்த இரும்புத் தட்டுகள்தான். சுவரில் ஆஞ்சநேயர் படம். அதற்குக் கீழே தேசிங்கு வாலிபத்தில் ஜட்டியோடு கோப்பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற படம். கும்பிட வருகிறவன் இரண்டையும் சேர்த்துத்தான் கும்பிட்டாக வேண்டும்.

நிகிலன் வெளியே நின்றபடியே பெட்டியைத் திறந்தான். கண்ணாடிக் குப்பிகளில் அரிசிமணி அளவில் வெள்ளையாக ஏதோ இருந்தது.

"இதை நாங்க விதைன்னு சொல்றோம். புஜத்துல தோலுக்கு அடியில வெச்சிடுவோம். ஸ்டெராய்டு ஊசின்னா தெரியும்ல சார்?"

உள்ளே பெஞ்சில் படுத்திருந்த லோகு வாய்விட்டுச் சிரித்தான். "யாரப் பாத்து இன்னா கேக்கறாம்பா இவன்!"

தேசிங்குக்கு ஊசி தெரியும். அது அவருக்குக் கொடுத்ததும் தெரியும். போட்ட கொஞ்ச மாதத்திலேயே சட்டைக் கை கிழியும்படி புஜம் ஏறியது. மாவட்டப் பட்டம் வந்தது. பட்டத்தைக் காட்டித் துறைமுகத்தில் வேலை வந்தது. அப்புறம் ஊசி தன் பங்கை எடுக்க ஆரம்பித்தது. முடி கொட்டியது, முதுகு முழுக்கக் கட்டி, மார்பு வயசுக்கு வந்த பெண்ணுக்கு மாதிரி வீங்கியது. சோற்றில் உப்பு குறைந்ததற்குத் தட்டை எறிந்தார். கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளையில்லாமல், கடைசியில் மரகதம் ஒருத்திதான் பிறந்தாள். கூட ஊசி போட்டுக்கொண்ட சிநேகிதன் சிறுநீரகம் கெட்டுச் செத்தான். தேசிங்கின் இதயம் பெருத்துத் தொளதொளத்துவிட்டது. பம்பு வீக் என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவார்.

"ஊசியோட குத்தம் என்ன தெரியுமா சார்?" என்றான் நிகிலன். "உடம்பு பூரா பரவும். கல்லீரலுக்கும் போகும், தலைமயிருக்கும் போகும், மண்டைக்கும் போகும். விதை அப்படி இல்ல. ஷேர் ஆட்டோ மாதிரி. ரத்தத்துல ஓடிட்டே இருக்கும், கை காட்டற இடத்துல மட்டும் நிக்கும். எந்தத் தசை வேலை செய்யுதோ அதுதான் கை காட்டும். கையால தூக்கினா கைக்கு. உக்காந்து எழுந்தா தொடைக்கு. ராத்திரி தூங்கினா விதையும் மூடிக்கும்."

"கீழ ஒண்ணும் சுருங்காதே?" என்று லோகு கேட்டான். "மாஸ்டர் சொல்லிச் சொல்லி பயமா கீது."

நிகிலனுக்கு முகம் சிவந்தது. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது."

"அப்ப எனுக்கு ரெண்டு போடு."

"வாய மூட்றா" என்ற தேசிங்கு, நிகிலனிடம் திரும்பினார். "நீ போட்டுக்கினியா?"

"நான் எடை தூக்கறதில்ல சார்."

"சமைச்சவன் சாப்பிடாத ஓட்டல்ல நான் கை நனைக்கறதில்ல. கஞ்சா விக்கறவனும் மொதல்ல சும்மாதான் குடுப்பான். உள்ள கேமரா கீதா?"

"கேமரா இல்ல. நாடித்துடிப்பு மட்டும் எங்க ஆபீசுக்கு வரும்."

"பாத்தியா! எட்டிப் பாக்கறான்!"

பையன் கம்பி இடுக்கு வழியாகச் சுவரைப் பார்த்தான். வருஷா வருஷம் எடுத்த ஆயுத பூஜைப் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. எல்லாவற்றிலும் ஆண்கள் வெற்றுடம்போடு, புஜத்திலும் தொடையிலும் சந்தனம் குங்குமம் வைத்து, சாமி மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"அன்னைக்கு யாரும் அசையவே மாட்டாங்களாமே. இன்னும் அந்தப் பழக்கம் இருக்கா சார்?"

"நான் உசிரோட கீற வரைக்கும் இருக்கும்."

அந்த ஜிம்மின் வழக்கம் வேறெங்கும் கிடையாது. ஆயுத பூஜைக்குத் தச்சன் உளிக்கு ஓய்வு கொடுக்கிறான், டிரைவர் வண்டிக்குக் கொடுக்கிறான். உடம்பைக் கட்டுகிறவனுக்கு உடம்புதானே ஆயுதம்? அதனால் அன்று விடிந்ததும் தட்டுகளுக்கும் பொட்டு, ஆளுக்கும் பொட்டு. பொழுது சாய்ந்து விளக்கேற்றுகிற வரை ஒருத்தனும் ஒரு டம்ளர்கூடத் தூக்கக்கூடாது. பெண்டாட்டியோ அம்மாவோ வந்து ஊட்டிவிடுவார்கள். தெரியாமல் செருப்பைத் தூக்கியவன் அடுத்த பூஜை வரை கேலி கேட்பான்.

நிகிலன் கிளம்பும்போது தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். பிறகு கம்பியில் வாயை வைத்த மாதிரி நெருங்கி, குரலைத் தணித்துச் சொன்னான்.

"சார், யாராவது போட்டுக்கிட்டா தினமும் எடை தூக்கச் சொல்லுங்க. ஒரு நாள்கூட விட வேணாம்."

"ஏன்?"

பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். "பலன் நல்லா இருக்கும்."

போய்விட்டான். தேசிங்கு அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். சத்தமாகச் சொல்கிறவனைக்கூட ஒரு கணக்கில் சேர்க்கலாம், கிசுகிசுக்கிறவனை நம்பவே கூடாது. தினம் தூக்கினால் மருந்து சீக்கிரம் தீரும், சீக்கிரம் தீர்ந்தால் அடுத்ததை விற்பான். இதுதானே சங்கதி?

*

வேண்டாம் என்றுதான் சொன்னார். கேட்க யார் இருந்தார்கள்? கம்பெனி நீட்டிய தாளில் கையெழுத்திட்டு லோகு போட்டுக்கொண்டான், ஸ்டீபன் போட்டுக்கொண்டான். மூன்றாவதாக வந்து நின்றது அவருடைய மருமகன் கஜபதி.

கஜபதி துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். இப்போது கிரேன்கள் தம்மைத் தாமே ஓட்டிக்கொள்கின்றன. மாநிலப் பட்டம் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் துறைமுகக் காவலில் ஓர் இடம் இருந்தது. போட்டி விஜயதசமி கழித்து வருகிற ஞாயிறு.

"நீங்க ஊசில ஏறித்தானே மாமா வேலைக்குப் போனீங்க" என்றான். "எனுக்கு ஏணி வேணாமா?"

தேசிங்கு சுவரில் கோப்பையோடு நிற்கிற தன் படத்தைப் பார்த்தார்.

விதை வேலை செய்தது. பொய் சொல்லக்கூடாது, அழகாகவே வேலை செய்தது. ஆவணி முடிவதற்குள் கஜபதியின் முதுகு விரிந்து சிறகு மாதிரி ஆனது. தேசிங்கு தினமும் அவனை வெளிச்சத்தில் திருப்பி நிறுத்தி முதுகில் கட்டி தேடினார். தலையணையில் முடி எண்ணினார். மகளைத் தனியே கூப்பிட்டு, "தட்டு கிட்டு எறியறானா?" என்று கேட்டார்.

"அவுரா? நேத்து குழம்புல உப்பே போடல, பேசாம துன்னுட்டுப் போனாரு. நீதான் நைனா ஒரு மாதிரி கீற."

கெடுதல் ஒன்றுமே கண்ணில் படாதது அவரை இன்னும் தூங்கவிடாமல் செய்தது. கெடுதல் இல்லாத மருந்து உலகத்தில் உண்டா? கெடுதல் இல்லை என்றால் எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். பூஜைக்கு முந்திய வாரம் கம்பெனி கஜபதியை மட்டும் கூப்பிட்டு இன்னொரு விதை வைத்தது. அதுவும் சும்மா.

"பூஜை அன்னிக்கு மட்டும் நானு கொஞ்சம் தூக்கிக்கட்டுமா மாமா?" என்று கஜபதி கேட்டான். "தினம் தூக்கணும்னு அந்தத் தம்பி சொல்லிச்சாமே."

"அவன் சொன்னான்றதுக்காகவே தூக்கக்கூடாது" என்றார் தேசிங்கு. தட்டுகளைச் சங்கிலி போட்டுக் கட்டி, பூட்டுக்குப் பொட்டு வைத்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

*

பூஜையன்று மூன்று பேரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஸ்டீபன் எப்போதும்போல, "சந்தனம் ஓகே மாஸ்டர், குங்குமம் மட்டும் வேணாம், அம்மா திட்டும்" என்றான். வாழைக்கன்று கட்டியாகிவிட்டது. திருஷ்டிப் பூசணிக்காய் வாசலில். மரகதம் பொரியையும் சுண்டலையும் ஒவ்வொருத்தன் வாயிலும் போட்டுக்கொண்டு போனாள்.

"அண்ணி, எனுக்கு மூக்கு அரிக்குது" என்றான் லோகு.

"அரிச்சா அரிக்கட்டும், ஆயுதம் அசையக்கூடாது."

கஜபதி சிரிக்கவில்லை. போட்டிக்காக உப்பையும் தண்ணீரையும் குறைத்திருந்ததால் முகம் ஏற்கெனவே ஒட்டிப்போயிருந்தது. உச்சி வெயில் தகரத்தில் இறங்கிய நேரம், கழுத்து நரம்பு தெறித்துக்கொண்டு நின்றது.

"மாமா, நெஞ்சுல யாரோ தண்டால் எடுக்கறாங்க."

தேசிங்கு கையை வைத்துப் பார்த்தார். விலா எலும்புக்கு அடியில் ஏதோ ஒன்று வெளியே வரக் கதவை இடிப்பது மாதிரி இருந்தது. 'வந்துட்டியா? ஒளிஞ்சிருந்தியே, வந்துட்டியா?' என்று மனசுக்குள் விதையைப் பார்த்துக் கேட்டார்.

"படு. ஒரு விரலக்கூட ஆட்டாத. மரகதம், ஆம்புலன்ஸுக்குச் சொல்லு!"

அவள் சொல்லி முடித்த அதே நொடி அவர் போன் அடித்தது. நிகிலன்.

"சார், கஜபதி என்ன பண்றாரு? படுத்திருக்காரா?"

"பாத்துக்கினு கீறியா நீ? இன்னா வெச்சடா அவன் உடம்புல?"

"சார், திட்டறது அப்புறம் திட்டுங்க. அவரை எழுப்பி எதையாவது தூக்கச் சொல்லுங்க. கனமா. இப்பவே."

"சாவக் கெடக்கறவன எடை தூக்கச் சொல்றியா? கொல்லப் பாக்கறியா?"

"சார், காலையிலேர்ந்து எந்தத் தசையும் கை காட்டல. எல்லாம் ஒரே இடத்துல போய் இறங்குது. சார், தயவுசெஞ்சு..."

தேசிங்கு போனை அணைத்துவிட்டார்.

"இன்னா சொல்றான்?" என்றாள் மரகதம்.

"தூக்கச் சொல்றான். தூக்கினா நெஞ்சு வெடிச்சுப் பூடும். ஆதாரம் இல்லாம பண்ணப் பாக்கறான். நீ நம்பாத."

"சாவியக் குடு நைனா."

"குடுக்க மாட்டேன்."

பெஞ்சில் கஜபதியின் உதடு நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. மரகதம் அப்பாவின் இடுப்பைப் பார்த்தாள், புருஷனின் வாயைப் பார்த்தாள்.

"நீ சொல்ற மாதிரி விடிஞ்சதுலேர்ந்து அசையாமதான் கீறாரு. ஏறிக்கினேதான போவுது? அவன் சொல்றத ஒரு வாட்டி பாத்துட்டா இன்னா கெட்டுச்சு?" அவள் கஜபதியின் கையைப் பிடித்து இழுத்து நிமிர்த்தினாள். "எழுந்திரு. என்னைத் தூக்கு."

"மரகதம்..."

"இரும்ப தொட்டாத்தானே சாமி கோச்சுக்கும்? என்னைத் தூக்குய்யா! கல்யாணத்தன்னிக்கு எல்லார் எதிர்லயும் தூக்கிக் காட்னியே, தூக்கு!"

அவன் தூக்கினான். முதல் தடவை இடுப்பு வரைதான் வந்தது, கால் நடுங்கியது. இறக்கினான். மறுபடி தூக்கினான். குங்குமம் அவள் புடவையெல்லாம் அப்பியது. "உக்காந்து எழு! தொடைக்கும் போவட்டும்!" என்று அவன் தோளில் இருந்தபடியே அவள் கத்தினாள். லோகுவும் ஸ்டீபனும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். அவர்கள் நெஞ்சும் காலையிலிருந்து படபடத்துக்கொண்டுதான் இருந்தது, பூஜை நாளில் சொல்லவேண்டாம் என்று இருந்தார்கள். லோகு ஓடிப்போய்ப் பூசணிக்காயைத் தூக்கினான். ஸ்டீபன் பொரி மூட்டை கனமில்லை என்று கண்டு, லோகுவைப் பூசணிக்காயோடு சேர்த்துத் தூக்கினான்.

தேசிங்கு மட்டும் சாவியைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார். கஜபதியின் உதட்டில் மெல்ல மெல்ல நிறம் திரும்பியதை அவர்தான் முதலில் பார்த்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் உள்ளே நுழைந்தபோது அவன் மூச்சு வாங்கிக்கொண்டே, "போதுமாடி? இறங்குடி" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

பெரியாஸ்பத்திரியில் அன்றே மூன்று பேர் கையையும் கீறி விதைகளை எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது. ஆனால் கஜபதிக்கு இதயச் சுவர் தடித்துவிட்டது, இனி எடையைத் தொடக்கூடாது என்றார்கள். மாநிலப் பட்டம் போயிற்று, துறைமுக வேலையும் போயிற்று. தேசிங்கு கம்பெனியைத் தேடிப் போனபோது ஆபீஸ் இருந்த மாடியில் துணிக்கடைக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். போலீசில் கேட்டதற்கு, சொந்த விருப்பத்தில்தானே கையெழுத்துப் போட்டார்கள் என்று சொல்லிவிட்டார்கள். நிகிலனின் நம்பர் உபயோகத்தில் இல்லை.

கம்பெனி சொன்னதில் ஒன்றே ஒன்று நிஜமானது. கீழே ஒன்றும் சுருங்கவில்லை. அடுத்த வருஷம் மரகதத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது.

*

குழந்தை தவழ்ந்து எழுந்து நிற்கப் பழகிய சமயம், தேசிங்கு நாற்காலியிலிருந்து எழுந்தாலே மூச்சு வாங்கினார். கஜபதிதான் அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். மரகதம் குழந்தையோடு வெளியே பெஞ்சில் இருந்தாள். இதயப் பிரிவில் டாக்டர் பர்வீன் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு நேராகவே பேசினார்.

"ஐயா, இப்படியே விட்டா நிறைய நாள் இல்ல. ஆனா புதுசா ஒண்ணு வந்திருக்கு. அரசாங்கத் திட்டத்துல இலவசமாவே கொடுக்கறோம்."

"சும்மாவா?" என்றார் தேசிங்கு. முதுகு நிமிர்ந்துவிட்டது.

"இது தசை வளர்க்கற மருந்துதான். ஆனா கைக்கும் காலுக்கும் இல்ல. வெச்ச நேரத்துலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் நீங்க அசையாம உக்காந்திருக்கணும். அப்படி இருந்தா, உடம்புல வேலை செய்யற தசை ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி இருக்கும். மருந்து பூரா அங்க போகும். தளர்ந்த இதயம் இறுகும்."

மேஜைமேல் சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்றை வைத்தார். உள்ளே அரிசிமணி. கஜபதி பின்னால் நின்றபடி மாமனாரின் தோளைப் பிடித்தான்.

"அதிகமாப் பூட்டா?" தேசிங்கு குப்பியைப் பார்த்தபடியே கேட்டார்.

"பயமே வேணாம். எவ்வளவு குடுக்கணும், எங்க நிறுத்தணும், ரெட்டை அளவு போனா என்ன ஆகும், எல்லாம் தெரியும். தன்னார்வலர்களை வெச்சுச் சோதிச்சதுதான். நல்ல திடகாத்திரமான ஆளுங்க. நம்ம ஊர்லயேதான். பகல் முழுக்க முழிச்சிக்கிட்டு அசையாம உக்காரச் சொன்னா யாரு உக்காருவாங்க? எங்கயோ தேடிப் பிடிச்சிருக்காங்க பாருங்க."

கம்பி இடுக்கு வழியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற நிகிலனின் முகம் தேசிங்குக்கு நினைவு வந்தது. இன்னும் அந்தப் பழக்கம் இருக்கா சார் என்று கேட்ட வாய். அதே வாய்தான் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஒரு நாள்கூட விட வேணாம் என்று கிசுகிசுத்தது. அன்று அந்தப் பையன் வாயிலிருந்து வந்ததில் அது ஒன்றுதான் கம்பெனி சொல்லிக்கொடுக்காதது. அந்த ஒன்றைத்தான் அவர் நம்பவில்லை.

கஜபதி சட்டைக் கையைச் சுருட்டி, புஜத்தை மேஜைமேல் வைத்தான். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தழும்பு.

"தன்னார்வலர் இவருதாம்மா" என்றார் தேசிங்கு. "எதுனா கேக்கணும்னா கேட்டுக்க."

டாக்டர் தழும்பைப் பார்த்தார். குப்பியைப் பார்த்தார். பிறகு, "எனக்குத் தெரியாதுங்க ஐயா" என்றார். அது நிஜமாக இருக்கலாம்.

"வா மாப்ள, போலாம்" என்று தேசிங்கு எழுந்தார். எழுந்த வேகத்துக்கு மூச்சு கிடைக்காமல் மேஜையைப் பிடித்தார்.

கஜபதி அவரைப் பிடித்து மறுபடி உட்காரவைத்தான். "போட்டுக்கோங்க மாமா."

"உனுக்குப் புத்தி கெட்டுப் போச்சா?"

"வேணாம்னு போனா அவனுக்கா நஷ்டம்? விலைதான் நாம அப்பவே குடுத்துட்டமே. பொருள உட்டுட்டுப் போவணுமா?"

தேசிங்கு அவனை ஏற இறங்கப் பார்த்தார். எடை தொடாமல் தளர்ந்துபோன அந்தத் தோளைப் பார்த்தார். கதவுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"மரகதம்! குழந்தைய இங்க இட்டா. பொழுது சாயற வரைக்கும் என் மடியிலியே இருக்கட்டும்."

"ஏன் நைனா?"

"நெஞ்சுல எவனாவது தண்டால் எடுத்தா, தூக்கறதுக்குப் பக்கத்துல ஏதாவது வேணாமா? உன்னை என்னால தூக்க முடியாது."

குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையை மேஜைமேல் நீட்டினார். டாக்டர் பஞ்சால் துடைத்து, தோலைக் கீறி, விதையை வைத்துத் தையல் போட்டு முடிக்கிற வரைக்கும் அந்தக் கையிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை.